மண்ணுக்குள் ஒரு நாற்றங்கால்

பருத்தி நூல் ஈரப்பதத்தில் வலுப்பெறும், உலர்ந்தால் அறும். குழித்தறியில் பாவு தரையை ஒட்டியிருப்பதால் மண்ணின் குளிர்ச்சி இழையைக் காக்கிறது. நெசவாளர் நெடுங்காலமாய் அறிந்த இவ்வுண்மை, மம்சாபுரத்துத் தோட்டங்களில் நாற்றுக்கும் பயன்படலாகாதா எனக் கேட்கிறோம்.

லடாக்கில் குளிர்காலத்து இரவுகள் உறைநிலைக்கு 20 பாகையும் கீழே செல்வதுண்டு. அங்கு, லே நகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிலையம் சுமார் 3 அடி ஆழக் குழி தோண்டி, மேலே கழிகள் பரப்பிப் பாலித்தீன் விரித்துக் கீரை பயிரிடும் முறையை உழவரிடையே பரப்பியுள்ளது. செலவில் பெரும்பங்கு உடலுழைப்பே.

அதனை அப்படியே இங்குக் கொணர்தல் பேதைமை. நமக்குப் பகை குளிரன்று. சித்திரை வெயிலும் ஆடிக் காற்றுமே. பாலித்தீனுக்குள் நம் நாற்று வெந்துவிடும். ஐப்பசி மழையில் ஆழக்குழி குளமாகிவிடும். ஆகவே செம்மண் நிலத்தில் ஒரு முழ ஆழமே போதும். எடுத்த மண்ணை மேற்கே சுவராக எழுப்பிக் காற்றைத் தடுத்து, மேலே தென்னங்கீற்று வேய்ந்து, தாழ்ந்த மூலையில் வடிகால் வெட்டவேண்டும். நீர் தேங்கின் நாற்று அழுகும். நாற்று தேறத் தேறக் கீற்றை விலக்காவிடில், வெளிறி நெடுத்துச் சாய்ந்துவிடும். கரிசல் நிலத்தார் குழியை அறவே விடுக. அம்மண் நீரை எளிதில் வடியவிடாது.

இரும்புக் குழாயும் நிழல்வலையும் கொண்ட குடில் வசதியுள்ளோர்க்கு ஏற்றதே. அரைக் காணியில் கத்தரியும் மிளகாயும் வைப்பவரை அதற்காகக் கடனாளியாக்குதல் முறையன்று. கூட்டுறவுச் சங்கங்கள் பெருங்கடன்களோடு, கீற்றுக்கும் இரண்டு ஆள் கூலிக்கும் போதிய சிறுகடனையும் பங்குனி பிறக்குமுன் வழங்கவேண்டுமெனக் கோருகிறோம்.