முனகும் பெட்டியும் 'மின்கசிவு' என்ற சொல்லும்

மின்சாரப் பெட்டி ஒன்று முனகத் தொடங்கினால் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடுவார்கள். அல்லது வானொலியைச் சற்று உரக்க வைப்பார்கள். முதலாவது ஆபத்தானது. சூடாகிக்கொண்டிருக்கும் பொருளுக்குப் போர்வை போர்த்துகிற செயல் அது. இரண்டாவதும் அதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானதல்ல.

ஹட்டனில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்கு நீண்டகால நண்பர். டொரன்டோவில் இருக்கும் அவருடைய மகன், தாய் தந்தையர் தனித்திருக்கிறார்களே என்ற கவலையில், திருடர் வந்தால் ஊளையிடும் அலாரம் ஒன்றை 2019இல் அனுப்பிவைத்தார். வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளின் பாசம் இப்படியும் பொதிகளில் வந்து சேர்வதுண்டு. சென்ற ஆண்டு அந்தப் பெட்டி இரவில் முனகத் தொடங்கியது. பகலில் காது வைத்தால்தான் கேட்கும். நள்ளிரவில் அடுத்த அறை வரை கேட்கும். ஆசிரியரின் துணைவியாருக்கு உறக்கம் போயிற்று. திருடனுக்கு அஞ்சி வாங்கிய பொருளுக்கே அஞ்ச வேண்டிய நிலை.

நகரில் சிறிய பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். நானும் அப்போது அங்கிருந்தேன். பெட்டியைத் திறப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தினார். பற்றரியின் இணைப்பையும் கழற்றினார். அந்த ஒழுங்கே எனக்குப் பிடித்திருந்தது.

"பேயும் இல்ல, எலியும் இல்ல சேர். இது கனடாக்காரன். நம்ம கரண்ட் இவனுக்கு ஒத்துக்கல" என்றார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. மின்மாற்றியின் உள்ளே மெல்லிய இரும்புத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. காந்தப்புலம் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இரும்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் நீண்டு சுருங்குகிறது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் காந்தப்புலம் இருமுறை உச்சம் தொடுவதால் இரும்பு நொடிக்கு 100 முறை அதிர்கிறது. மின்மாற்றி முனகும் சுருதி அதுதான். எல்லா மின்மாற்றிகளும் சற்றே முனகும். கவலைக்குரியது, நேற்றுவரை முனகாதது இன்று முனகுவது.

கனடாவிலிருந்து வந்த சின்ன மின்மாற்றி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது. இங்கே பொருத்தியவர் அதற்கு முன்னால் 230 வோல்ட்டை 110 ஆக்கும் இன்னொரு மின்மாற்றியை வைத்து, இரண்டையும் ஒரே தகரப் பெட்டிக்குள் திருகிவிட்டுப் போயிருந்தார். வோல்டேஜைக் குறைக்கலாம், அலைவெண்ணை அந்தப் பெட்டியால் மாற்ற முடியாது. 60 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்ட இரும்பு 50 ஹெர்ட்ஸில் இயங்கினால், அதே வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்கு அதிகமான காந்தத்தைச் சுமக்க வேண்டும். நள்ளிரவில் ஊர் விளக்கணைத்துப் படுத்தபின் கம்பிகளில் சுமை குறைந்து வோல்டேஜ் ஏறுகிறது, முனகலும் கூடுகிறது. திருகாணிகளில் இரண்டு தளர்ந்திருந்தன. தகரப் பெட்டி பறையைப் போல் அந்த அதிர்வைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

அத்தனை ஆண்டுகள் இல்லாத முனகல் இப்போது ஏன் வந்தது? அதற்கு விடை பற்றரியில் இருந்தது. 12 வோல்ட் ஈயப் பற்றரிக்குள் ஆறு அறைகள். அளந்து பார்த்தபோது 10.5 வோல்ட்டைத் தாண்டவில்லை. ஓர் அறை செத்துவிட்டது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதே, அந்த இருட்டுக் காலத்தைக் கடந்துவந்த பற்றரி அது. அடிவரை வடிந்து வடிந்து நிரம்பிய ஈயப் பற்றரி நீடித்து வாழாது. செத்த அறையையும் நிரப்ப முயன்று மின்மாற்றி இரவு பகலாகச் சூடேறிக்கொண்டிருந்தது.

கனடா மின்மாற்றியையும் இடைப்பெட்டியையும் கழற்றிவிட்டு, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கென்று சுற்றப்பட்ட ஒரே மின்மாற்றியை இளைஞர் பொருத்தினார். வெளிவரும் 16.5 வோல்ட்டும், தாங்கும் சுமையும் பழையதற்கு ஈடாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார். அடியில் ரப்பர் வளையங்கள் வைத்தார், பற்றரியை மாற்றினார். சில மின்மாற்றிகளின் சுருளுக்குள் வெப்பம் மிஞ்சினால் அறுந்துபோகும் உருகி ஒன்று உண்டு. அது அறுந்தால் குறுக்கே கம்பி போட்டு ஓட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரைப் படியேற விடாதீர்கள்.

வேலை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "இதே மாதிரி லயத்துல சத்தம் வந்தா யாரைக் கூப்பிடுவீங்க தம்பி?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "லயத்துல அலாரம் ஏது சேர்? பிளக்கு சுடும், பல்பு மினுங்கும். யாரையும் கூப்பிடமாட்டாங்க. வந்து பார்க்கணும்னாலும் ஆபீஸ்ல கேட்கணும்."

நான் எழுத வந்தது இதைப் பற்றித்தான்.

மலையகத்தில் லயன் குடியிருப்பு எரிந்தால், செய்தியின் கடைசி வரி அநேகமாக முன்கூட்டியே அச்சுக்கோத்து வைத்ததைப் போல் இருக்கும்: மின்கசிவே காரணம் எனச் சந்தேகிக்கப்படுகிறது. பல்லாண்டுகளாகச் செய்தி மேசைகளில் அந்த வரியைப் பார்த்துவருகிறேன். அதில் எழுவாய் இல்லை. கசிந்தது மின்சாரம், ஆகவே யாரும் பொறுப்பில்லை. அறிவியலாகவும் அது அரைகுறை. கசிவு என்பது மின்சாரம் தன் பாதையை விட்டு நிலத்துக்கோ சுவருக்கோ ஒழுகுவது. தீ மூட்டக்கூடியவை வேறும் உண்டு: தாங்காத கம்பியில் ஏற்றிய சுமை, தளர்ந்த இணைப்பில் பிறக்கும் சூடு, உராய்ந்து தோலுரிந்த இரு கம்பிகள் ஒன்றையொன்று தொடுவது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடுவதும் முனகும் பெட்டிக்குத் துணி போர்த்துவதைப் போன்றதே.

லயத்தின் அமைப்பை அறியாத வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் வரிசையாகக் கட்டிய அறைகள். மேலே ஒரே நீளக் கூரை. ஓர் அறையில் பிடித்த தீ கூரை மரத்தைப் பற்றிக்கொண்டு அடுத்த அறைக்குப் போக நேரம் எடுக்காது. இரண்டு விளக்குகளை மனதில் வைத்து இழுத்த கம்பியில் இன்று சோற்றுச் சட்டி, இஸ்திரிப்பெட்டி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் தொங்குகின்றன. குடியிருப்பவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? சுவரும் கூரையும் அவர்களுடையவை அல்ல. 1992 முதல் தோட்டங்களைக் கம்பனிகள் நிர்வகிக்கின்றன; தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லாதவர் ஏராளம். தனக்குச் சொந்தமில்லாத சுவருக்குப் புதிய வயரிங் போட எவர் கடன் வாங்குவார்?

நாட்டுக்கு வெளிச்சம் போன வழியில்தான் இந்த லயங்கள் இருக்கின்றன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த மலைகளின் நீரிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் கட்டுரை படித்தார். லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. அறுபதுகளில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வந்தன. பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோவில் வெளியே தெரியும். 2012இல் மேல் கொத்மலை. உயரழுத்தக் கம்பிகள் தலைக்கு மேலே ஓட, கீழே லயங்களில் குப்பி விளக்கு எரிந்த காலம் ஒன்றிரண்டு ஆண்டுகள் அல்ல, பல பத்தாண்டுகள். மின்சாரம் பின்னர் வந்தது. பரிசோதகர் இன்னும் வரவில்லை.

நிலையான தீர்வு தனி வீடுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அறிவிப்புக்கும் கூரைக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்பதை மலையக மக்கள் நன்கறிவார்கள். அதுவரை லயத்தில் படுத்துறங்குகிறவர்களுக்கு என்ன செய்யப்போகிறோம்?

ஒவ்வொரு தேயிலைத் தொழிற்சாலையிலும் மின்விசிறிகளும் அரைக்கும் உருளைகளும் ஓடுகின்றன. அவற்றின் மோட்டார் முனகினால் அன்றைக்கே ஆள் வந்து பார்க்கிறார், ஏனெனில் கொழுந்து கெட்டுவிடும். அதே மின்னியலாளரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை லயங்களுக்கும் அனுப்புவதை நிர்வாகங்கள் கடமையாக ஏற்க வேண்டும். அறைக்கு ஒரு ட்ரிப் சுவிட்ச் வேண்டும். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே அது விழுந்து உயிரைக் காக்கும். ஆனால் தளர்ந்த இணைப்பின் சூட்டை அது அறியாது. அதற்கு மனிதக் கண்ணும் ஒரு திருப்புளியும் தேவை. இதைச் சொல்லாமல் சுவிட்ச் மட்டும் பங்கிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் அரசியல் நமக்குப் பழக்கமானதே.

செய்தி எழுதும் இளைய நண்பர்களுக்கு ஒன்று. அடுத்தமுறை லயம் எரிந்தால் காரணத்தோடு நிறுத்தாதீர்கள். வயரிங் எந்த ஆண்டுக்குரியது, கடைசியாகப் பார்த்தவர் யார், ட்ரிப் சுவிட்ச் இருந்ததா, தோட்ட அலுவலகத்துக்கு முறைப்பாடு போயிருந்ததா என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். யாரிடம் கேட்டீர்கள் என்பதோடு.