அஞ்செட்டி வளைவுல ஒரு அரை லிட்டர் டூயட்!

ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு ஓசூர் பைபாஸ்ல வந்து நின்னு பாருங்க பாஸ். பெங்களூர்ல இருந்து வரிசையா வரும். ஜாக்கெட், முழங்கால் கார்டு, டேங்க் மேல பை... கிருஷ்ணகிரி பக்கம் போய் ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுத் திரும்ப, போக வர 150 கிலோமீட்டருக்கு மேல ஓட்டுற கூட்டம். ‘ஏன், பெங்களூர்ல இட்லி கிடைக்காதா?’னு எங்க டீ மாஸ்டர் கேப்பார். (மாஸ்டர் தமிழ்ல கேப்பார், தெலுங்குல திட்டுவார், சில்லறையைக் கன்னடத்துல எண்ணுவார். ஓசூர்ல அதெல்லாம் சகஜம்!)

மாஸ்டருக்குத் தெரியாத ஒண்ணு... அந்த வரிசையில சில வண்டிகளுக்குப் பிறந்த வீடே ஓசூர்தான். 1980-ல டிவிஎஸ் 50 வந்தது இங்கேருந்து. 2013-ல பி.எம்.டபிள்யூவோட டிவிஎஸ் கை கோத்துச்சு. ஜி 310 ஆர், ஜி 310 ஜிஎஸ் ரெண்டும் ஓசூர் ஃபேக்டரியில தயாராச்சு. 2017 டிசம்பர்ல அப்பாச்சி ஆர்ஆர் 310. அறிமுக விலையே 2.05 லட்சம்!

“அண்ணே, ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கவா, டூரிங் பைக் வாங்கவா?”னு பாலிடெக்னிக் தம்பி ஒருத்தன் கேட்டான். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஜாதி இருக்கு, ஸ்போர்ட் டூரர். சுத்தமான ஸ்போர்ட்ஸ் பைக்ல தாடை டேங்க் மேல, மொத்த பாரமும் மணிக்கட்டு மேல. காலேஜ் வாசல் வரைக்கும் ஹீரோ, ரெண்டாவது மணி நேரம் முதுகுல தைலம். குரூஸர்னா ஈஸி சேர் மாதிரி காலை நீட்டிக்கலாம், ஆனா வளைவுல சாய்ச்சா ஃபுட் ரெஸ்ட் ரோட்டைச் சுரண்டும். ஸ்போர்ட் டூரர் வளைவுலயும் சாயும், நாள் முழுக்கவும் ஓடும். முன்னாடி ஃபேரிங் இருக்கும். அது அழகுக்குன்னு நினைக்காதீங்க. வேகம் 80-ல இருந்து 100 ஆனா கூடினது கால் பங்குதான், ஆனா நெஞ்சுல மோதுற காத்தோட விசை ஒண்ணரை மடங்குக்கு மேல போயிடும். அந்தக் காத்தை வண்டி வாங்கிக்கிட்டா நம்ம கழுத்து தப்பிக்கும். 1976-லயே பி.எம்.டபிள்யூ ஆர் 100 ஆர்எஸ்ஸுக்கு காத்துச் சுரங்கத்துல வெச்சு சோதிச்சுத்தான் ஃபேரிங் பண்ணினாங்க. நம்ம ஊர்ல 2003-ல கரிஸ்மா வந்தப்போதான் ‘ஒரே மூச்சுல ஊருக்குப் போலாம்டா’ங்கிற ஆசை ஹாஸ்டல் ஹாஸ்டலா பரவுச்சு.

தியரி போதும். என் ஃப்ரெண்ட் ஒருத்தன், சிப்காட்ல ஒரு வண்டி கம்பெனி லைன்ல கான்ட்ராக்ட் வேலை. ஷிப்டு முழுக்க நட்டு முறுக்குறவன். “சிலிண்டர் பின்னாடி சாஞ்சிருக்கு மச்சி, காத்து முன்னாடி நுழையும், புகை பின்னாடி போகும், அதனால வெயிட் முன்சக்கரத்துகிட்ட வருது”னு 310 இன்ஜினைப் பத்தி தூக்கத்துலயும் சொல்லுவான். ஆனா ஓட்டினது? ரூமுக்கும் கம்பெனிக்கும் அப்பாவோட பழைய டிவிஎஸ் 50. மூணு வருஷம் காசு சேத்து, செகண்ட் ஹேண்டுல ஒரு ஆர்ஆர் 310 எடுத்தான். முதல் ரைடு நானும் அவனும், ரெண்டு வண்டியில. (என்னோடது 125 சிசி. சிரிக்காதீங்க.)

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல். அஞ்செட்டி தாண்டினதும் காடு, வளைவு, வளைவு, வளைவு. முதல் பத்து நிமிஷம் பயல் நேஷனல் ஹைவே மாதிரி விரட்டினான். ஒவ்வொரு வளைவுலயும் பாதியில பிரேக், உடம்பு விறைப்பு. நிறுத்தச் சொன்னேன். ‘வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் கொற, கியரை இறக்கு, ரோடு எங்கே முடியுதோ அங்கே பாரு, அப்புறம் மெதுவா ஆக்ஸிலரேட்டர் கொடு.’ இவ்வளவுதான். அஞ்சாவது வளைவுல வண்டி தானா சாஞ்சு, தானா நிமிந்துச்சு. ஹெல்மெட்டுக்குள்ள இருந்து ஒரு கத்தல் கேட்டுச்சு பாருங்க! “மச்சி, இதுக்குத்தான் இந்த நட்டா!”

அடுத்த திருப்பத்துல ரோட்டு மேல ஆவி பறக்குற யானைச் சாணம்.

இது காவிரி வடக்கு சரணாலயம், 2014-ல அறிவிச்சது. ராகி அறுவடை சீசன்ல பன்னேர்கட்டா பக்கமிருந்தும் யானைக் கூட்டம் இந்தப் பக்கம் இறங்கும். 60-ல போனா ஒரு செகண்டுக்கு 17 மீட்டர் ஓடிடும். 100-ல 28. வளைவுக்கு அந்தப் பக்கம் யானை நின்னா, நீங்க ‘ஐயோ’னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அதோட காலடியில. திரும்பி பழைய வளைவு வரைக்கும் வந்து இன்ஜினை நிறுத்தினோம். மூங்கில் ஒடியற சத்தம். அரை லிட்டர் தண்ணி பாட்டிலை ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் குடிச்சோம். எதிர்ல வந்த பஸ் டிரைவர் “போயிடுச்சு, போங்க”னு கையாட்டுற வரைக்கும் இருபது நிமிஷம். பயல் ஆர்ஆர்ரைத் திட்டவே இல்ல, வேகத்தைப் பத்திப் பேசவும் இல்ல.

ஒகேனக்கல்ல மீன் வறுவல் சாப்பிடறப்போ உள்ளங்கையைக் காட்டினான், ரெண்டும் செவந்திருந்துச்சு. உண்மையைச் சொல்லணும்ல, ஆர்ஆர் 310-ல ஸ்போர்ட் முக்கால், டூரர் கால். ஹேண்டில் தாழ்வு. நாள் முழுக்க ஓட்ட ஜிஎஸ் மாதிரி நிமிந்து உக்கார்ற வண்டிதான் சுகம். என் 125-ல கை வலிக்கல, ஆனா மத்த இடமெல்லாம் வலிச்சுது! தம்பி, அதனால உனக்கு ஒண்ணு: இ.எம்.ஐ கையெழுத்துக்கு முன்னாடி பெங்களூர்ல வாடகைக்கு எடுத்து ஒரு முழு நாள் ஓட்டிப் பாரு. ஷோரூம் பத்து நிமிஷ ட்ரையல்ல மணிக்கட்டு பேசாது. வாடகை கட்டலைன்னா அப்பா வண்டியிலயே போ. அஞ்செட்டி வளைவுக்கு சிசி தெரியாது. ஆனா ஹெல்மெட்டும் கையுறையும் முதல்ல.

பென்னாகரம், பாலக்கோடு, ராயக்கோட்டை வழியா இருட்டறதுக்குள்ள வீடு. அவங்கப்பா வாசல்லயே நின்னுட்டிருந்தார். வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, வழக்கமான கேள்வி: “லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?” பயல் பதில் சொல்றதுக்குள்ள பின் சீட்ல ஏறி உக்காந்துட்டார். அந்தச் சீட் உயரம் தெரியும்ல?

“ஏன்டா, இதுல உக்காந்தா தெருவுல இருக்கிற மொட்டை மாடியெல்லாம் தெரியுதே... சரி, எடு. டீக்கடை வரைக்கும் போயிட்டு வரலாம்.”

(கியர் மாத்துவோம்)