அந்த ‘நியூ’ எப்பதான் பழசாகும்?

உங்க காலேஜ் வெப்சைட்டைக் கடைசியா எப்போ முழுசா பார்த்தீங்க? ஃபீஸ் கட்டப் போனது, ரிசல்ட் பார்க்கப் போனதெல்லாம் கணக்குல வராது. ‘துறைகள்’, ‘விடுதி’, ‘பேருந்து வசதி’னு வரிசையா இருக்குமே, அந்தப் பக்கங்களைக் கேட்கிறேன். பார்த்திருக்க மாட்டீங்க. நானும் மூணாவது செமஸ்டர் வரைக்கும் பார்த்ததில்லை. உள்ளே சேர்ந்தவனுக்கு அது எதுக்கு? நோட்டீஸ் போர்டு இருக்கு, வாட்ஸ்அப் குரூப் இருக்கு, எல்லாத்துக்கும் மேல கேன்டீன் இருக்கு!

நமக்கு ஊர் திருச்சுழி பக்கம். கருவேலங்காடும் கரிமூட்டப் புகையுமா ஜன்னல்ல ஓட ஓட, தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ல போனா காலேஜ் வரும். காலேஜ் பேரு வேண்டாம். அடுத்த செமஸ்டரும் அங்கேதான் எழுதணும்.

போன வருஷம் ஆய்வுக் குழு வரப்போகுதுன்னு காலேஜ் முழுக்க பெயின்ட் வாசனை. சார் ஒருத்தர் கூப்பிட்டார். “நீ கம்ப்யூட்டர் பையன்தானே? வெப்சைட்டை அப்டேட் பண்ணணும், மேட்டர் ரெடி பண்ணு.” ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உள்ள காலேஜ்கள் ஆசிரியர் பட்டியல், கட்டணம், இடங்கள் எண்ணிக்கை எல்லாத்தையும் தங்களோட தளத்துல போட்டே ஆகணும். நாக் குழுவும் அங்கேதான் தேடும். அதனால திடீர் அவசரம்.

அப்டேட்னா நாமளே உட்கார்ந்து பட்டனைத் தட்டுறதுன்னு நினைச்சேன். இல்லை பாஸ். மேட்டரை வேர்டுல அடிக்கணும். துறைத்தலைவர் கையெழுத்து. அப்புறம் பிரின்சிபால் ஆபீஸ். அங்கேயிருந்து வெப்சைட் பொறுப்பாளர். அவர் மெயில் அனுப்பினா, பாஸ்வேர்ட் வெச்சிருக்கிற வெளியூர் ஆள் ஏத்துவார். அவர் வீட்ல கல்யாணம்னா காலேஜுக்கே லீவு.

நான் செஞ்சது என்ன தெரியுமா? முகப்புல ஓடுற போட்டோ ஆறையும் மாத்தினேன். ஆசிரியர் பட்டியலைச் சரி பண்ணினேன். பேருந்துப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், ‘இதுல என்ன மாறியிருக்கப் போகுது’ன்னு மூடிட்டேன். ஆய்வுக் குழு வந்துச்சு, பாராட்டுச்சு, போச்சு. எனக்கு ஒரு சர்ட்டிஃபிகேட்டும் கிடைச்சது.

அடுத்த ஆகஸ்ட்ல எங்க ஸ்டாப்புல ஒரு ஃபர்ஸ்ட் இயர் தங்கச்சி நின்னுச்சு. பரளச்சி பக்கத்துக் கிராமம். அப்பா மொபெட்ல கொண்டுவந்து இறக்கிவிட்டுட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள வேலைக்குப் போகணுமேன்னு வேகமா திரும்பினார்.

“உங்க ஊர்ப் பக்கம் நம்ம பஸ் வராதே, இவ்வளவு தூரம் தினமும் வர்றியாம்மா?”

“வரும்னு வெப்சைட்ல போட்டிருந்துச்சேண்ணே!”

போட்டிருந்துச்சுதான். ஆள் சேரலைன்னு அந்த ரூட்டை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. பக்கம் மட்டும் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. கவுன்சலிங்ல ரெண்டு காலேஜ் பேரை வெச்சுக்கிட்டு யோசிச்சாங்களாம். ‘இங்கே வீட்டு வாசல்லயே பஸ், பொண்ணு இருட்டுறதுக்குள்ள திரும்பிடும்’னு அப்பா சொன்னதால எங்க காலேஜை மேல போட்டிருக்கு. அன்னைக்கு அது என் மேல கோபப்படலை. நான்தான் அந்தப் பக்கத்தைத் திறந்து மூடினவன்னு அதுக்குத் தெரியாது. இப்போ இதைப் படிச்சா தெரிஞ்சுக்கும்.

வெப்சைட்டை நம்பினது தப்புன்னு நம்ம வாத்தியார்ங்க சிலர் சொல்றாங்க. வேற எதை நம்புறது? 2017 வரைக்கும் இன்ஜினீயரிங் கவுன்சலிங்னா மூட்டை முடிச்சோட சென்னைக்குப் போய், அண்ணா பல்கலைக்கழகத்துல வரிசையில நிக்கணும். செலவு, அலைச்சல் எல்லாம் உண்மை. ஆனா அந்த வரிசையில முன்னாடி நிக்கிறவர், பின்னாடி நிக்கிறவர்னு நாலு பேர்கிட்ட விசாரிக்கலாம். 2018-ல கவுன்சலிங் ஆன்லைனுக்கு மாறிடுச்சு. இப்போ திருச்சுழிப் பையன் பிரவுசிங் சென்டர்லயோ, மாமா போன்லயோ உட்கார்ந்து காலேஜ் காலேஜா வரிசைப்படுத்துறான். அவன் கண்ணுல காலேஜ்னா அந்த வெப்சைட்தான்.

ஃபீஸ் பக்கத்தையும் எடுத்துக்கங்க. முதல் பட்டதாரி சலுகை 2010-லயே வந்துடுச்சு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித உள்ஒதுக்கீடு 2021-ல இன்ஜினீயரிங்குக்கும் வந்து, அதுல சேர்றவங்களோட படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுது. எங்க தளத்துல ஃபீஸ் தொகை மட்டும் கொட்டை எழுத்துல இருந்துச்சு, இது ரெண்டும் ஒரு வரிகூட இல்லை. மானாவாரி மிளகாயும் பருத்தியும் போட்டு மழையை அண்ணாந்து பார்க்கிற அப்பா ஒருத்தர் அந்தத் தொகையைப் பார்த்தா, அடுத்த பக்கத்துக்கா போவார்? போனை மூடி வெச்சிட்டுப் போயிடுவார்.

ராகிங் தடுப்புக் குழுப் பக்கத்துல வேலையை விட்டுப் போன பேராசிரியரோட போன் நம்பர். ராத்திரி பதினோரு மணிக்கு ஹாஸ்டல்ல இருந்து ஒரு பையன் அதை அழுத்தினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. (தேசிய உதவி எண் 1800-180-5522. போன்ல ஏத்தி வெச்சுக்கங்க.)

இதுல பெரிய காமெடி, பக்கத்துக்குக் கீழே ‘கடைசியாகப் புதுப்பித்த நாள்’னு ஒரு வரி. எப்போ திறந்தாலும் இன்னைக்குத் தேதியே காட்டும்! நோண்டிப் பார்த்தேன். பக்கத்தோட தேதியைக் கேட்கிற ஒரு குட்டி ஸ்கிரிப்ட். சர்வர் அந்தத் தேதியை அனுப்பலைன்னா பிரவுசர் தன்னோட கடிகாரத்தைப் பார்த்து இந்த நிமிஷத்தையே சொல்லிடும். அந்தத் தங்கச்சியோட அப்பா பார்த்த அன்னைக்கும் ‘இன்றுதான் புதுப்பித்தது’ன்னு காட்டியிருக்கும். பொய் சொல்லணும்னு யாரும் எழுதலை. யாரும் கவனிக்கலை, அவ்வளவுதான்.

சரி, திருத்தணும்னு கிளம்பினேன். ‘பேருந்துப் பக்கம் தப்பா இருக்கு சார்’னு வாயால சொன்னேன். “பார்க்கலாம்ப்பா.” ரெண்டு வாரம் போச்சு. அப்புறம்தான் புத்தி வந்து ஒரே தாள்ல எழுதினேன். எந்தப் பக்கம், அதோட முகவரி, இப்போ இருக்கிற வரி, அதுக்குப் பதிலா வரவேண்டிய வரி, இதைச் சரிபார்த்தது யார். கடைசி வரிக்காகப் பஸ் பொறுப்பாளரைத் தேடி ஷெட்டுக்குப் போனேன். டிரைவர் அண்ணே ஒவ்வொரு ஸ்டாப்பா, நேரத்தோட, கிரீஸ் கையாலேயே எழுதிக் கொடுத்தார். ஆபீஸ்ல இருந்த லிஸ்ட்டைவிட அது சுத்தம்! அந்தத் தாள்ல மூணு கையெழுத்தும் ஒரே நாள்ல விழுந்துச்சு. யோசிக்க வேலை வைக்காத தாள்ல கையெழுத்து சீக்கிரம் விழும்போல.

தமிழ்ப் பக்கமும் அனுப்பினோம். யாரோ பாமினி எழுத்துருவில அடிச்ச பழைய ஃபைல். அதை அப்படியே ஒட்டினதால ‘தமிழ்’னு வரவேண்டிய இடத்துல ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன்! 2010-லயே தமிழக அரசு யூனிகோடுன்னு ஆணை போட்டாச்சு. நம்ம டிபார்ட்மென்ட் பிரின்டருக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரலை. திரும்ப அடிச்சுக் கொடுத்தோம்.

இன்னொரு கூத்து ஃபைல் பேர். பஸ் பட்டியலுக்கு ஒவ்வொரு வருஷமும் ‘ஃபைனல்’, ‘நியூ ஃபைனல்’, ‘நியூ ஃபைனல் 2’னு புதுப் பேர் வெச்சு ஏத்தியிருக்காங்க. பழசை யாரும் எடுக்கலை. கூகுள்ல தேடினா பழசுதான் முதல்ல வந்து நிக்குது. வலையை உருவாக்கின டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி மாறவே கூடாதுன்னு 1998-லயே எழுதிட்டார். அந்தப் பேச்சையும் தாள்ல சேர்த்து, ‘ஒரே பேர்ல ஏத்துங்க, பழைய மூணையும் நீக்குங்க’ன்னு கேட்டேன். லீ பேரைப் பார்த்துட்டு ஆபீஸ்ல, “இவர் எந்த டிபார்ட்மென்ட்?”னு கேட்டாங்க.

மூணு வாரத்துல பக்கம் மாறிடுச்சு. பரளச்சி வரி போச்சு. கீழே கையாலேயே அடிச்ச உண்மையான தேதி. ஃபீஸ் பக்கத்துல ரெண்டு சலுகையும் ஏறியிருக்கு. தங்கச்சிகிட்ட போன்ல காட்டினேன். பார்த்துச்சு.

“பக்கம் சரியாயிடுச்சு. பஸ்ஸு எப்பண்ணே வரும்?”

அந்தப் பக்கத்துல இருந்து எத்தனை பேர் வர்றாங்கன்னு இப்போ பேர் எழுதிக்கிட்டிருக்கோம். இதுவரைக்கும் பதினோரு பேர். அதையும் ஒரே தாள்ல கொடுக்கலாம்னு இருக்கோம்.

ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. பேருந்துப் பக்கத் தலைப்புக்குப் பக்கத்துல, பல வருஷமா சிவப்புல மினுங்குற ‘நியூ’ இன்னும் மினுங்கிட்டே இருக்கு. கேட்டேன். அதை எடுக்கத் தனி லெட்டர் வேணுமாம்.