ஆட்டம் பசங்களுக்கு, ஆவேசம் அப்பாக்களுக்கு! கால்பந்து மைதான ஓரத்தில் என்னதான் நடக்குது?

சனிக்கிழமை காலை. பத்து வயசுப் பசங்க கால்பந்து ஆடிட்டிருக்காங்க. விசில் ஊதுற நடுவருக்கே 14, 15 வயசுதான் இருக்கும். கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பா எழுந்து கத்துகிறார்: "ஆஃப்சைடு! கண்ணு தெரியலையா உனக்கு?"

அமெரிக்கா, கனடா, லண்டன் பக்கம் பிள்ளைகளை வார இறுதி ஆட்டங்களுக்கு அழைத்துப்போகும் நம்ம ஊர்க்காரர்களுக்கு இது பழகிய காட்சிதான். கத்தலோடு முடிந்தால் பரவாயில்லை. முடியாமல் போன நாட்களும் உண்டு.

எந்த அளவுக்குப் போயிருக்கு?

2017 மார்ச் 19. ஸ்பெயினில் அன்று தந்தையர் தினம். மயோர்கா தீவில் உள்ள அலாரோ என்ற ஊரில் சிறுவர்கள் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆட்டத்தின் நடுவே அப்பாக்கள் மைதானத்துக்குள் இறங்கி ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டார்கள். அந்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது.

அதற்கு முன்பே, 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில் இதைவிடக் கொடுமை நடந்தது. மகன் ஆடிய ஆட்டத்துக்குத் தன்னார்வ லைன்ஸ்மேனாக நின்ற 41 வயது தந்தையை, ஆட்டம் முடிந்ததும் எதிரணியினர் சூழ்ந்து அடித்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். 2013-ல் தண்டிக்கப்பட்டவர்கள் சிறுவர்கள் மட்டுமல்ல. அவர்களில் ஒருவனின் அப்பாவுக்கும் 6 ஆண்டு சிறை. 'பசங்க சண்டை' என்று ஒதுக்கிவிட முடியாததற்கு இது ஒன்றே போதும்.

வீட்டில் சாதுவான ஆள், மைதானத்தில் ஏன் இப்படி?

முதல் காரணம், பார்க்கும் கோணம். கடைசியிலிருந்து இரண்டாவதாக நிற்கும் தடுப்பு வீரருக்கு நேர்கோட்டில் நின்றால்தான் ஆஃப்சைடு சரியாகத் தெரியும். இருபது அடி தள்சி நாற்காலி போட்டிருப்பவருக்குக் கண்ணே ஏமாற்றும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது.

இரண்டாவது, விதிகள். டிவியில் பார்க்கும் ஆட்டமும் குழந்தைகள் ஆட்டமும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 10 வயது வரையிலான ஆட்டங்களில் பந்தைத் தலையால் முட்டவே கூடாது. சின்னப் பசங்களுக்கு ஆஃப்சைடு கணக்குகூட வேறு. இது தெரியாதவருக்கு நடுவர் சரியாக ஊதிய விசிலும் தப்பாகத்தான் படும்.

மூன்றாவது, பணம். கிளப் கட்டணம், வெளியூர்ப் பயணம், தனிப் பயிற்சி என்று செலவு ஏற ஏற, 'போட்ட காசு எடுக்கணும்' என்ற நினைப்பும் ஏறும். கல்லூரி உதவித்தொகை கிடைக்கும் என்பது பெரிய கனவு. ஆனால் அங்கே உயர்நிலைப் பள்ளியில் கால்பந்து ஆடும் 100 பேரில் பத்துப் பேர்கூட என்சிஏஏ கல்லூரி அணிகளுக்குப் போவதில்லை. உதவித்தொகை கிடைப்பவர்கள் அதிலும் குறைவு.

நஷ்டம் யாருக்கு?

முதலில் நடுவர்களுக்கு. அமெரிக்க விளையாட்டு நடுவர்கள் சங்கம் 2017-ல் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டது. ஒழுங்கீனத்துக்கு அதிகம் காரணம் யார் என்ற கேள்விக்கு, பயிற்சியாளர், வீரர், ரசிகர் எல்லோரையும் தாண்டி முதலிடம் பிடித்தவர்கள் பெற்றோர்!

திட்டு வாங்கிய 15 வயசுப் பையன் அடுத்த வாரம் விசிலை எடுக்க மாட்டான். நடுவர் இல்லையென்றால் ஆட்டம் ரத்து. கத்தியவரின் பிள்ளைக்கும்தான் ஆட்டம் போச்சு.

அடுத்து குழந்தைகளுக்கு. கோச் "பாஸ் பண்ணு" என்பார், அப்பா "அடி, அடி" என்பார். பந்து காலில் இருக்கும் ஒரு நொடியில் பையன் யார் பேச்சைக் கேட்பான்? தானாக யோசித்து முடிவெடுக்கத்தான் இந்த வயசு ஆட்டமே. அதைத்தான் பறித்துவிடுகிறோம்.

என்னென்ன செய்து பார்த்தார்கள்?

1999-ல் ஒஹாயோ மாகாணத்தில் 'மௌன ஞாயிறு' நடத்தினார்கள். பெற்றோர் வாயே திறக்கக் கூடாது. இங்கிலாந்து கால்பந்து சங்கம் 2008-ல் 'ரெஸ்பெக்ட்' திட்டத்தைக் கொண்டுவந்து, பெற்றோரைக் கோட்டிலிருந்து தள்ளி நிறுத்தியது. 2023-ல் அடிமட்ட நடுவர்களின் உடையில் கேமரா பொருத்திப் பார்த்தது. அமெரிக்கக் கால்பந்து அமைப்பின் புதிய விதி 2025 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. நடுவரிடம் அத்துமீறுபவர் பெற்றோரானாலும் தண்டனை உண்டு. வாழ்நாள் தடை வரை போகலாம்.

ஜெர்மனியின் 'ஃபேர்பிளே லீக்' வழி வேறு. சின்னப் பசங்க ஆட்டத்துக்கு நடுவரே கிடையாது, பசங்களே பேசி முடிவெடுப்பார்கள். இரண்டு கோச்சும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்க வேண்டும். பெற்றோர் சுமார் 15 மீட்டர் தள்ளி.

எது பலன் தரும்?

ஒருநாள் மௌனம் மறுவாரமே கலைந்துவிடும். அதோடு "சூப்பர்டா கண்ணா" என்ற நல்ல வார்த்தைக்கும் சேர்த்தே பூட்டு. தண்டனை தேவைதான், ஆனால் அது தப்பு நடந்த பிறகு வருவது. 15 வயசு நடுவர் 45 வயசு ஆள் மேல் புகார் எழுதினால்தான் அதுவும் நகரும். ஜெர்மனி முறை, கத்துவதற்கான வாய்ப்பையே குறைக்கிறது. திட்ட நடுவர் இல்லை, காதில் விழும் தூரத்தில் பிள்ளையும் இல்லை.

அந்த 15 மீட்டரை நாமே விட்டுக்கொடுக்க எந்த விதியும் தேவையில்லை. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போடுங்கள். எதிரணிப் பையன் கோல் போட்டாலும் கை தட்டுங்கள். திரும்பும்போது காரில் "ஏன்டா அந்த பாலை விட்ட?" என்று ஆரம்பிக்காதீர்கள். பாலை விட்டது அவனுக்கே தெரியும். "பசிக்குதா, என்ன சாப்பிடலாம்?" என்று கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றி அவனே பேச ஆரம்பிப்பான்.