‘ஃபார்மட்’ கொடுக்கும் முன் ஒரு நிமிடம்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாத சிலர், இலவச லினக்ஸை அதில் போட்டுப் பார்க்கிறார்கள். விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்வார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

லினக்ஸுக்குள் போய், குடும்ப போட்டோக்கள் இருக்கும் ‘டி’ டிரைவைத் தொட்டால், படங்கள் தெரியும். புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது. சில நேரம் டிரைவே திறக்காது. ‘ஹார்டு டிஸ்க் போச்சு’ என்று பதற வேண்டாம். பெரும்பாலும் விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’தான் காரணம். அடுத்த முறை சீக்கிரம் ஆன் ஆவதற்காக, விண்டோஸ் அரைகுறையாகவே அணைகிறது. அந்த நிலையில் எழுதினால் ஃபைல்கள் சிதையலாம் என்பதால் லினக்ஸ் ஒதுங்கிக்கொள்கிறது.

விண்டோஸுக்குத் திரும்பி, ஷிஃப்ட் கீயை அழுத்தியபடியே ‘ஷட் டவுன்’ கொடுத்தால் முழுமையாக அணைந்துவிடும். கன்ட்ரோல் பேனலின் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டால் தொல்லை தொடராது.

டிரைவ் சாவி கேட்டால், அது ‘பிட்லாக்கர்’ பூட்டாக இருக்கலாம். அதற்கான 48 இலக்க ரெகவரி கீயை லினக்ஸ் போடும் முன்பே எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

பெரிய ஆபத்து எதிர்த் திசையில் இருக்கிறது. லினக்ஸின் ‘இஎக்ஸ்டி4’ முறையில் அமைத்த டிஸ்கை விண்டோஸில் செருகினால், ‘ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று கேட்கும். தமிழ் படிக்கத் தெரியாதவர், தாத்தாவின் டைரியைக் கிறுக்கல் என்று எடைக்குப் போடச் சொல்வது போலத்தான் இது. உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும். ‘கேன்சல்’ கொடுத்துவிட்டு, லினக்ஸ் உள்ள கம்ப்யூட்டரில் செருகினால் போதும். அது இல்லையென்றால், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கியும் படங்களை வேறு டிஸ்குக்கு காப்பி எடுக்கலாம்.

இரண்டு பக்கமும் போய்வரும் பென்டிரைவுக்கு ‘எக்ஸ்ஃபேட்’ முறை நல்லது. பழைய ‘ஃபேட்32’ முறையில் 4 ஜிபி அளவுள்ள ஒரே ஃபைல் ஏறாது. நீளமான கல்யாண வீடியோ பாதியில் நிற்பது இதனால்தான். முறையை மாற்றினால் பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதலில் காப்பி, பிறகு ஃபார்மட். இந்த வரிசை மட்டும் மாறவே கூடாது!