நின்றது எது?

மாணவ நண்பர்களே, "ஒளியையே நிறுத்திவிட்டார்கள்!" என்று யாராவது சொன்னால் உடனே வாய் பிளக்காதீர்கள். நின்றது எது என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் விடுவதால்தான் நல்லதோர் ஆராய்ச்சி வெறும் விந்தைச் செய்தியாகச் சுருங்கிவிடுகிறது என்பது என் கருத்து.

1999-ல் அமெரிக்காவில், டென்மார்க்கைச் சேர்ந்த லீனே ஹவ் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும், தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டிக் குளிர்விக்கப்பட்ட சோடியம் அணு முகிலுக்குள் ஓர் ஒளித்துடிப்பைச் செலுத்தினார்கள். அது வினாடிக்கு 17 மீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. மணிக்கு 61 கிலோமீட்டர். நம் ஊர்ப் பேருந்தின் வேகம்!

உங்களுக்குப் பாடநூல் சூத்திரம் நினைவுக்கு வரும். வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தை 17-ஆல் வகுத்தால், ஒளிவிலகல் எண் சுமார் 1 கோடியே 76 லட்சம். ஆனால் அந்த முகிலின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1 தான்! வகுத்தலில் பிழையில்லை. 'வேகம்' என்ற சொல்லில்தான் சிக்கல்.

குளத்தில் பெரிய கல்லைப் போட்டு உற்றுப் பாருங்கள். விரிந்து செல்லும் அலை வளையத்தின் உள் ஓரத்தில் புதிய மேடுகள் தோன்றி, வளையத்தினூடே முன்னேறி, வெளி ஓரத்தில் மறையும். தனி மேட்டின் வேகம் ஒன்று. வளையத்தின் வேகம் வேறொன்று. சோடியத்தில் ஊர்ந்தது அலைத்தொகுதி. தனித்தனி அலைமேடுகள் ஏறக்குறைய வழக்கமான வேகத்திலேயே ஓடின. இந்த வேறுபாட்டைப் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும். கடினம் என்பார்கள் சிலர். குளமும் கல்லும் போதும் என்பேன் நான்.

தொகுதி ஏன் ஊர்ந்தது? அந்த அதிர்வெண் கொண்ட ஒளியைச் சோடியம் சாதாரணமாக விழுங்கிவிடும். துணையாக இன்னொரு லேசர் கற்றையைச் செலுத்தினால் விழுங்க முடியாமல் போகிறது. முகில் கண்ணாடிபோல் தெளிகிறது. ஆனால் மிகக் குறுகிய அதிர்வெண் எல்லைக்குள் மட்டும். அந்த எல்லைக்குள் ஒளிவிலகல் எண், அதிர்வெண்ணைப் பொறுத்து மளமளவென்று மாறுகிறது. அதுவே தொகுதியைத் தாமதப்படுத்துகிறது. 2001-ல் துணைக் கற்றையையும் அணைத்துப் பார்த்தார்கள். துடிப்பு மறைந்தது, அதன் வடிவம் அணுக்களில் பதிந்து தங்கியது. கற்றையை மீண்டும் ஏற்றியதும் துடிப்பு வெளிவந்தது. ஆக, காத்திருந்தது ஒளியன்று, ஒளியின் பதிவு.

சரி, இதனால் என்ன பயன்? இரண்டு டார்ச் விளக்குகளின் கற்றைகளைக் குறுக்கே விடுங்கள். ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போய்விடும். ஓர் ஒளியால் மற்றோர் ஒளியை மாற்றுவதற்குப் பொதுவாக வலிமை மிக்க லேசர் தேவை. ஊரும் ஒளியோ அணுக்களோடு நெடுநேரம் உறவாடுகிறது, நெருக்கியும் அடைபடுகிறது. 2.5 மைக்ரோ வினாடித் துடிப்பு வெற்றிடத்தில் 750 மீட்டர் நீளம். வினாடிக்கு 17 மீட்டர் வேகத்தில்? கணக்கிடுங்கள், ஒரு தலைமுடியின் பருமனுக்குள் அடங்கிவிடும்! எனவே மிக மங்கலான ஒளியே போதுமானதாகிறது. 2012-ல் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், குளிர்ந்த ரூபிடியம் அணுக்களின் எலெக்ட்ரான்களை மிக உயர்ந்த ஆற்றல் நிலைக்கு ஏற்றும் உத்தியைச் சேர்த்து, ஒரே ஒரு ஃபோட்டான் அடுத்த ஃபோட்டானைத் தடுக்கச் செய்தார்கள். ஒளிக்கு ஒளியாலேயே சுவிட்ச்! பேருந்து வேகத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

சட்டைப் பைக்குள் அடங்கும் கருவியாக இது இன்னும் ஆகவில்லை. இத்தகைய சோதனைக்கு வெற்றிடக் கலமும் பல லேசர்களும் நிறைந்த பெரிய மேசையே வேண்டியிருக்கிறது.