காரமடையில் தங்கினார்கள், சரி... எங்கே சாப்பிட்டார்கள்?

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேட்டுப்பாளையம் ரோட்டைப் பார்த்தால், கோயமுத்தூரில் இருக்கிற கார் எல்லாமே ஊட்டிக்குத்தான் போகிறதோ என்று தோன்றும். துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், வீரபாண்டி பிரிவு... வரிசையாக ஊர்கள் வரும், போகும். காரமடையும் அதில் ஒன்று. போகிறவர்களுக்கு அது ஊரே இல்லை. மேட்டுப்பாளையம் வருவதற்கு முன்னால் வருகிற ஒரு டிராஃபிக் ஜாம், அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி மேலே ஏறாமல் கீழேயே நின்றால் என்ன என்று யோசிக்க ஒரு காரணம் வந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குப் போக இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் அதற்கு எண்ணிக்கையும் வைத்தார்கள்: வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000. மலை இவ்வளவுதான் தாங்கும் என்று கோர்ட்டே சொல்லிவிட்ட பிறகு, அடிவாரத்தில் ஒரு ராத்திரி தங்கி, பவானி ஆற்றையும் பாக்குத் தோப்பையும் பார்த்துவிட்டுத் திரும்புவது ஒன்றும் மோசமான யோசனை இல்லை. அதற்குத் தகுந்த மாதிரி ரிசார்ட்டுகளும் லாட்ஜுகளும் இந்தப் பக்கம் இருக்கின்றன.

பிரச்சினை தங்குவதில் இல்லை. சாப்பாட்டில் இருக்கிறது.

இந்த மாதிரி "ஒரு நைட், ரெண்டு நாள்" பேக்கேஜில் என்ன கொடுக்கிறார்கள்? அறை, நீச்சல் குளம், ராத்திரி கேம்ப் ஃபயர், காலையில் காம்ப்ளிமென்ட்டரி பிரேக்ஃபாஸ்ட். அந்த பிரேக்ஃபாஸ்டில் பிரெட் டோஸ்ட், பூரி கிழங்கு, கார்ன்ஃப்ளேக்ஸ், பைனாப்பிள் கேசரி, ஒரு மூலையில் ஆறிப்போன இட்லி. இதே வரிசை கொச்சியிலும் கிடைக்கும், சென்னை ஏர்போர்ட் பக்கத்திலும் கிடைக்கும். வந்தவர்கள் காரமடைக்கு வந்தார்கள் என்பதற்கு ஒரே சாட்சி டோல்கேட் ரசீதும் கூகுள் மேப்பும்தான்! கேட்டைத் தாண்டி வெளியே வந்து ஊருக்குள் ஒரு டீ குடித்தார்களா என்றால் இல்லை.

கொரியாவில் இதற்கு ஒரு தனிப் பெயரே இருக்கிறது. "ஹோகான்ஸ்" என்பார்கள். ஹோட்டல் என்ற சொல்லையும், விடுமுறை என்று பொருள் தரும் "வகான்ஸ்" என்ற பிரெஞ்சுச் சொல்லையும் ஒட்டுப் போட்டுச் செய்தது. ஊர் சுற்றாமல் ஹோட்டலிலேயே ஒன்றிரண்டு நாள் சும்மா கிடப்பது. (நம்மூரில் "ஓட்டல்" என்றாலே சாப்பிடுகிற இடம். அவர்களுக்குத் தூங்குகிற இடம். இந்தக் கட்டுரையின் குழப்பம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.) ஆனால் சியோலில் அப்படித் தங்குகிறவர்களுக்குப் பக்கத்திலேயே சந்தையும் இருக்கிறது. 1905-ல் தொடங்கிய குவாங்ஜாங் சந்தை ஊரின் நட்டநடுவில். ஒரு பக்கம் துணிக்கடை, இன்னொரு பக்கம் வரிசையாகச் சாப்பாட்டுக் கடை. அங்கே பேர் போன பலகாரம் பிந்தேத்தொக். பாசிப்பயறை ஊறவைத்து அரைத்து எண்ணெயில் சுடுகிற அடை. ஆந்திராவின் பெசரட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆயாக்கள் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து சுட்டுத் தருவார்கள், எதிரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான். கொரியன் சீரியல் பார்க்கிற எல்லோருக்கும் இந்தக் காட்சி அத்துப்படி. காரமடையிலும் இப்போது அந்த சீரியல் பார்க்காத காலேஜ் பிள்ளைகள் குறைவு.

அங்கே பாசிப்பயறு அடை ஊருக்குப் பெருமை என்றால், இங்கே என்ன குறைச்சல்? அரிசிம்பருப்பு சோறு, சந்தகையும் தேங்காய்ப்பாலும், கொள்ளுப் பருப்பு, பச்சப்பயறு கடைசல், செலவு ரசம், ராகிக் களி, கம்மங்கூழ், நோம்பி நாளில் கச்சாயமும் ஒப்புட்டும். கொங்கு நாட்டுச் சமையல் காரம் காட்டி மிரட்டாது. தேங்காய், மல்லி, சீரகம், நல்லெண்ணெய் என்று அடக்கமாகப் போகும். அதனால்தானோ என்னவோ அதை யாரும் போஸ்டர் அடித்து விற்கவில்லை. சாயங்காலம் ஆனால் தள்ளுவண்டியில் காளான் மசாலா வேறு. அதில் காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம் என்று சாப்பிடுகிறவனுக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் கோயமுத்தூர்க்காரர்கள் விட மாட்டார்கள்.

பிறகு கறிவேப்பிலை. காரமடை வட்டாரத்தில் அது தோட்டம் தோட்டமாகப் பயிராகிறது. செங்காம்பு ரகத்துக்கு வாசனை அதிகம் என்பார்கள். மூட்டை மூட்டையாகக் கட்டி கேரளாவுக்கு லாரி ஏறுகிறது. பக்கத்தில் மேட்டுப்பாளையத்திலோ நீலகிரிக் கிழங்கும் கேரட்டும் இறங்குகிற மண்டிகள், வாழைக்காய் மண்டிகள். பாதித் தமிழ்நாட்டுச் சமையலறைக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு வட்டாரத்தில் வந்து தங்கிவிட்டு, ஒருவர் பாக்கெட் ஜாம் தடவிய பிரெட்டைத் தின்றுவிட்டுத் திரும்புகிறார் என்றால் அது விநோதம் இல்லையா?

சில இடங்களில் இதைப் புரிந்துகொண்டு "வில்லேஜ் நைட்" என்று ஒன்று நடத்துகிறார்கள். அது இன்னும் வேடிக்கை. மூங்கில் தட்டி, சுவரில் முறம், எரியாத மண் அடுப்பு, தலையில் முண்டாசு கட்டிய சர்வர். சந்தகைக்கு ஒரு விலை போட்டிருப்பார்கள், அந்தக் காசுக்கு ஊருக்குள் ஒரு குடும்பமே சாப்பிட்டுவிட்டு மிச்சத்துக்குப் பொரியும் வாங்கிப் போகலாம். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிஜமான கிராமம் இருக்கும்போது பொய்யான கிராமத்துக்கு எதற்கு செட் போட வேண்டும்?

இதில் கணக்கும் இருக்கிறது, பலரும் கவனிக்காத கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் என்றால் 18 சதவீதம். வாடகையோடு காலை உணவையும் சேர்த்து ஒரே விலையாகக் கொடுத்தால், சட்டப்படி அது கூட்டு வழங்கல். முக்கியமான சேவை அறை என்பதால் அறைக்கு என்ன வரியோ அதேதான் சாப்பாட்டுக்கும். ஆக, பெரிய ரிசார்ட்டில் "காம்ப்ளிமென்ட்டரி" என்று கொடுக்கிற இட்லிக்கு விருந்தாளி 18 சதவீதம் வரி கட்டுகிறார். இலவசமான இட்லிக்கு! அதே இட்லியை ஊருக்குள் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டால் 5 சதவீதம். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டாத சின்னக் கடை என்றால் பதிவே தேவையில்லை, வரியும் இல்லை.

இன்னொன்று. 5 சதவீத அறைக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. முன்பு 12 சதவீதம் இருந்தபோது, பில் தருகிற பெரிய சப்ளையரிடம் வாங்கினால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்ற ஒரு காரணமாவது இருந்தது. நடுத்தர லாட்ஜ்காரருக்கு அந்தக் காரணமும் போய்விட்டது. சந்தையில் விற்கிற பச்சைக் காய்க்கும் கீரைக்கும் பழத்துக்கும் எப்போதுமே வரி இல்லை. அப்படியிருக்க, காரமடைச் சந்தையில் வாங்காமல் நகரத்திலிருந்து வேனில் காய் வரவழைப்பதற்குக் கணக்குப் புத்தகத்தில் எந்த நியாயமும் இல்லை. பழக்கம்தான் காரணம்.

இந்த வட்டாரத்திலேயே இதைத் தலைகீழாகச் செய்து காட்டிய இடமும் உண்டு. வனத்துறையின் காரமடை சரகத்தில், வெள்ளியங்காடு தாண்டி மலைக்குள், பில்லூர் அணை நீர்த்தேக்கத்தின் ஓரமாகப் பரளிக்காடு. கோவை நகரம் குடிக்கிற தண்ணீர் தேங்கி நிற்கிற இடம். 2007-ல் அங்கே சூழல் சுற்றுலா தொடங்கினார்கள். முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும், வாரக் கடைசியில். போனவுடன் சுக்கு காபி, பிறகு பரிசல் சவாரி, மதியம் சாப்பாடு. சமைப்பது அந்தப் பகுதி இருளர் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள். பரிசல் தள்ளுவதும் அந்த ஊர் ஆட்கள்தான். சாப்பாட்டு வரிசையில் பிரியாணியும் தயிர் சோறும் இருந்தாலும், வந்தவர்கள் திரும்பிப்போய்ப் பேசுவது ராகிக் களியைப் பற்றித்தான். ஏசி அறை இல்லை, நீச்சல் குளம் இல்லை. ஆனாலும் ஆட்கள் காத்திருந்து பதிவு செய்து போனார்கள். கட்டணத்தில் ஒரு பகுதி அங்கே வேலை செய்கிற கைகளுக்கே போகிறது என்பது பார்க்கிறவருக்கே தெரிகிற மாதிரி ஏற்பாடு.

வனத்துறை காட்டுக்குள் செய்ததை, மெயின் ரோட்டில் இருக்கிறவர்கள் ஏன் செய்யவில்லை? கேட்டால் முதல் பதில் சுத்தம். "சந்தையில் ஈ மொய்க்கும், விருந்தாளிக்கு வயிறு கெட்டால் எங்கள் பேர்தான் போகும்" என்பார்கள். நியாயமான பயம்தான், கிண்டல் செய்ய முடியாது. கைக்குழந்தையோடு வருகிறவர்களும் சர்க்கரை நோயாளிப் பெரியவர்களும் வருகிறார்கள். ஆனால் சுத்தம் என்பது குழாய், கழிப்பறை, குப்பைத்தொட்டி சம்பந்தப்பட்ட விஷயம். விற்கிற ஆளின் குணம் சம்பந்தப்பட்டது இல்லை. 2018-ல் அகமதாபாத்தின் காங்கரியா ஏரிக்கரைக் கடைகளுக்குத்தான் நாட்டிலேயே முதன்முதலாக "சுத்தமான தெருவோர உணவு மையம்" என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சான்று கொடுத்தது. தள்ளுவண்டி வைத்திருந்தவர்களுக்குப் பயிற்சியும் தண்ணீர் வசதியும் கொடுத்து அதைச் செய்தார்கள். வாரச்சந்தைகளில் சுங்கம் வசூலிக்கிற உரிமையை உள்ளாட்சிகள் ஏலம் விடுவது வழக்கம். அந்தக் காசில் நான்கு குழாய் போட முடியாதா? காரமடை 2021-ல் நகராட்சியாகிவிட்டது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். கேட்க வேண்டிய இடம் அதுதான்.

இரண்டாவது பயம் இதைவிடப் பெரியது, அதை லாட்ஜ்காரர்கள் சொல்வதில்லை, ஊர்க்காரர்கள்தான் சொல்வார்கள். வெளியூர்க் கார் வந்து நின்றால் விலை ஏறும். குவாங்ஜாங்கிலேயே அது நடந்தது. 2023 நவம்பரில் ஒரு யூடியூப் வீடியோவில், 15,000 வோன் கொடுத்து வாங்கிய ஒரு தட்டில் சில துண்டு அடை மட்டும் கிடந்ததை நாடே பார்த்துக் கொதித்தது. சங்கம் அந்தக் கடையைச் சில நாள் மூட வைத்தது. விலையோடு எடையையும் எண்ணிக்கையையும் எழுதி வைக்கிற முறையைக் கொண்டுவருவதாக சியோல் மாநகரம் அறிவித்தது. நூறு வருடம் தாண்டிய சந்தைக்கே இந்த கதி.

காரமடையில் இது நடந்தால் அடி வாங்குவது யார்? சந்தைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்ட வேலையும் மில் வேலையும் முடித்து, வாரக் கூலியோடு வருகிறவர்கள். அவர்களுக்குப் பத்து ரூபாய் போண்டா முப்பது ரூபாய் ஆனால், அந்தச் சந்தை அவர்களுடைய சந்தை இல்லை. அப்படி ஆவதாக இருந்தால் ரிசார்ட்காரர்கள் கேட்டைப் பூட்டி வைத்திருப்பதே மேல். ஆனால் நம்ம சந்தையில் ஒரு நல்ல வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. விலையைக் கத்திச் சொல்கிறார்கள். "கிலோ இருவது, கிலோ இருவது" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்ன விலையை, காரில் வந்தவருக்கு மட்டும் மாற்றுவது கஷ்டம். சாப்பாட்டுக் கடைகளும் அதைச் சிலேட்டில் எழுதி வைத்தால் போதும், சியோல் அளவுக்குப் போக வேண்டியதில்லை.

லாட்ஜ்காரர்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். அறைக்கு ஒரு விலை, காலை உணவுக்குத் தனி விலை. வேண்டாம் என்கிறவருக்கு அதைக் கழித்துக் கொடுக்க வேண்டும். வரவேற்பு மேசையில் நீச்சல் குளத்துக்கான பத்து விதிமுறைகளுக்குப் பக்கத்தில், ஊருக்குள் எந்தக் கடையில் எத்தனை மணிக்கு என்ன சூடாகக் கிடைக்கும் என்று ஒரு தாள். சந்தை நாளில் ஒரு வேன். வாழைப்பழமும் கூழும் சந்தைக்காரரிடமே கொள்முதல். எல்லோரும் ஊருக்குள் வர மாட்டார்கள், பாதிப் பேர் நீச்சல் குளத்தை விட்டு நகர மாட்டார்கள். வரட்டும், வராமல் போகட்டும், கழித்துக் கொடுக்கிற அந்தக் காசை எங்கே செலவழிப்பது என்ற முடிவாவது விருந்தாளியின் கையில் இருக்கும்.

எப்போது தொடங்குவது என்றால், மாசி மாதம் அரங்கநாதர் கோயில் தேரோட்டத்தின்போது ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாம். பந்த சேவையும் தண்ணீர் சேவையும் பார்க்க ஊரே திரளும், ரோட்டோரம் முழுக்கக் கடை இருக்கும், அறையும் நிரம்பும். எப்படியும் அந்த வாரம் ரிசார்ட் சமையலறையில் பாதி ஆட்கள் தேர் பார்க்க லீவு கேட்டிருப்பார்கள்.